தென்றல் நகர் வழி

கம்பத்தில் சுண்ணாம்பு விரலைத் துடைத்திருந்தார்கள். ஒருத்தர் வேலை இல்லை அது. வெற்றிலை போடுகிற ஊரே வரிசையில் வந்து, மிச்சச் சுண்ணாம்பை இந்த பஸ் நிறுத்தத்து இரும்புக் கம்பத்தில் இழுகிவிட்டுப் போன மாதிரி, இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரைக்கும் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து தடித்திருந்தது. அதற்குக் கீழே சிவப்பு. வசந்தகோகிலம் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அரையடி தள்ளி நின்றாள். அரையடி தள்ளினால் மூத்திர வாடை, இன்னும் அரையடி தள்ளினால் வெயில். இந்த மூன்றில் எது தேவலை என்று யோசிக்கிற கதிக்கு வந்துவிட்டேனே என்று நினைத்தாள். நினைத்ததும் அந்த நினைப்பில் இருந்த சொகுசு அவளுக்கே பிடிக்கவில்லை. மணி பத்து ஐம்பது. பன்னிரண்டரைக்கு மேல் மனு வாங்க மாட்டார்கள். ஜெயிலில் ஒருவரைப் பார்க்கப் போவதற்கு மனு என்று பெயராம். அறுபத்தேழு வயதில் அந்தச் சொல்லின் இந்தப் பொருளை வக்கீல் தங்கமாரி நேற்றுப் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். மனு பார்க்க வந்தோம்னு வாசல்ல சொல்லுங்கம்மா, எழுதிக் குடுங்க, ஆதார் கொண்டு போங்க, பழம் பிஸ்கட்டெல்லாம் உள்ளே இருக்கிறது தெரியுற மாதிரி கண்ணாடிக் கவர்ல போட்டுக்குங்க, பன்னெண்டரை வரைக்கும்தான், சனி ஞாயிறு கிடையாது, திங்கட்கிழமை ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருது, அதுக்குள்ள பார்க்கணும்னா நாளைக்குப் பார்த்துருங்க. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மகன் முகிலன் உள்ளே போய்ப் பதினோரு நாள். பதினோரு நாளும் தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அவன் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருப்பதாகச் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள், கீரைக்காரியிடம்கூடச் சொன்னாள், கீரைக்காரி அங்க குளிருமேம்மா என்றாள், ஆமாம் ஸ்வெட்டர் எடுத்துப் போயிருக்கிறான் என்றாள். ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரை நினைத்தால் இப்போதும் வாய்க்குள் என்னவோ கெட்டுப்போன ருசி.

தலைக்கு மேலே தகவல் பலகை. முப்பத்தொரு வருஷம் மகளிர் கல்லூரி நூலகத்தில் இருந்தவள் அவள். ஒரு புத்தகம் தப்பான அலமாரியில் செருகப்பட்டிருந்தால் அன்றைக்கு அவளுக்கு மத்தியானச் சோறு இறங்காது. இங்கே ஒரு ஊரே தப்பான அலமாரியில் இருந்தது. பலகையின் மேல்பாதி முழுக்கப் பழம்பெருமை. கோபுரத்தின் வண்ணப்படம், எதிரே இருக்கும் கல்மண்டபத்தை எந்த அரசன் எந்த நூற்றாண்டில் எழுப்பினான், தூண்கள் எத்தனை, யாளிகள் எத்தனை, எல்லாம் மூன்று மொழியில், எழுத்துப் பிழை இல்லாமல். நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே யார் வந்தார்கள் என்று தெரியும், அடுத்த பஸ் எப்போது வரும் என்று மட்டும் தெரியாது. கீழ்ப்பாதியில்தான் வழித்தட அட்டவணை, கண்ணாடிக்குள். கண்ணாடி மேல் மூலம் பவுத்திரம் நோட்டீஸ், அதன் மேல் கண்ணீர் அஞ்சலி, அதையும் யாரோ பாதி கிழித்ததில் செத்துப்போனவரின் ஒரு கண்ணும் மீசையின் ஒரு முனையும் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த ஒற்றைக் கண்ணுக்குக் கீழேதான் பதினேழாம் நம்பர். பக்கத்தில் ஒரு மின்சாரப் பலகை, சிவப்பு எழுத்து ஓடுகிற ரகம். வரலாற்று நகரம் தங்களை அன்புடன் வரவேற்கிறது, அடுத்த பேருந்து பூஜ்யம் நிமிடத்தில், வரலாற்று நகரம் தங்களை அன்புடன். வந்து நின்றதிலிருந்து பூஜ்யம் நிமிடம். போன மாசமும் அதேதான் ஓடியது. இந்த ஊரில் எல்லாப் பஸ்ஸும் எப்போதும் வந்து நிற்கிறது போலிருக்கிறது, நாம்தான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதன் கீழே செல்போனைக் காட்டினால் விவரம் வரும் என்று கட்டம் கட்டமாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். காட்டினாள். பைபாஸ் அருகே மனை விற்பனைக்கு என்று வந்தது, அந்தச் சிரிக்கும் குடும்பத்தை அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், போகவில்லை, அப்பா அம்மா பிள்ளை பெண், நாலு பேருக்கும் ஒரே பல்.

அட்டவணையில் பதினேழுக்கு நேரே தென்றல் நகர் வழி என்று போட்டிருந்தது. ஜெயிலுக்குப் பக்கத்து நிறுத்தம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். பத்து ஐம்பத்தெட்டுக்குப் பதினேழு வந்ததும், வழக்கம்போல நிறுத்தத்தில் நிற்காமல் இருபதடி தள்ளிப் போய் நின்றதும், அவள் ஓடியதும், படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் ஜெயிலு ஜெயிலு ஜெயிலு, பெரியாஸ்பத்திரி, ஜெயிலேய் என்று கத்திக்கொண்டிருந்ததும், அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் காறி உமிழ்கிற மாதிரி அவள் மேல் விழுந்ததும் எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். அவள் மூச்சு வாங்க, தென்றல் நகர் போகுமாப்பா என்றாள். எந்த நகரு? தென்றல் நகர், போர்டுல போட்டிருக்கே. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போர்டுல என்னத்தையாச்சும் போட்டிருப்பாய்ங்க. நம்ம வண்டி அங்கிட்டெல்லாம் போகாதும்மா. நீங்க அங்கன டெப்போல விசாரிங்க." ஏறிக்கொள்ளலாம். ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் போகாது என்று சொன்ன பிறகு ஏறினால் அப்போ எங்க என்று கேட்பார், பஸ் முழுக்கப் பார்க்கும், அப்போது அவள் அதைச் சொல்ல வேண்டும். அவள் ஒரு அடி பின்வாங்கினாள். கண்டக்டர் உள்ளே திரும்பி, தென்றலாம்ல, நேத்து ஒருத்தர் பூங்காவனம்னாரு, எந்தூருல இருக்காகன்னே தெரியல, போலாம் ரைட் என்றார். உள்ளே யாரோ சிரித்தார்கள். டீசல் புகை அவள் முகத்தில் வெதுவெதுப்பாக, பெரிய மிருகம் ஏப்பம் விட்ட மாதிரி, வந்து அப்பிக்கொண்டு நின்றது.

அந்தப் பெயரை வைத்ததே அவள்தான். அதைத்தான் காலையிலிருந்து நினைக்காமல் இருந்தாள். பதினைந்து வருஷம் இருக்கும். கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுத்த சகுந்தலா ஜெயில் மதிலுக்கு அப்பால் மனை வாங்கி வீடு கட்டியிருந்தாள். பெண்ணுக்கு வரன் வந்துகொண்டிருந்த சமயம். மாப்பிள்ளை வீட்டார் விலாசம் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள், கண்டக்டர் ஜெயில் இறங்கு ஜெயில் இறங்கு என்று கத்துவார், இறங்கி வீட்டுக்கு வரும்போதே அவர்கள் முகம் மாறியிருக்கும், கேசரியைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். மூன்று வரன் அப்படிப் போயிற்று. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடி நிறுத்தத்தின் பெயரை மாற்றச் சொல்லி விண்ணப்பம் கொடுப்பதென்று முடிவு செய்து, நல்ல தமிழில் எழுத ஆள் தேடியபோது சகுந்தலா இவளிடம் வந்தாள். கோகிலம், உனக்குத்தான் காது இருக்கு, கேட்டா நல்லா இருக்கிற மாதிரி ஒரு பேர் சொல்லேன் என்றாள். நூலகத்து ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மத்தியானம் பூராவும் எழுதினாள். ஒரு சொல்லின் நிழல் விழுந்த வீட்டில் எங்கள் பிள்ளைகள் வளர வேண்டாம் என்று ஒரு வரி. எவ்வளவு பெருமை அந்த வரியில். சகுந்தலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தென்றல் நகர் என்ற பெயர் அலுவலகங்களுக்குப் போய், கோப்பில் ஏறி, மூன்று வருஷம் கழித்துப் பலகைக்கு வந்தது. எந்தக் கண்டக்டர் வாய்க்கும் வரவில்லை. சகுந்தலாவின் பெண்ணைக் கடைசியில் அதே ஜெயிலில் வார்டராக இருப்பவரின் தம்பி கட்டிக்கொண்டான், நன்றாகத்தான் இருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு இடத்தைப் பலகையில் மட்டும் காணாமல் அடித்தாயிற்று, அவ்வளவுதான். வெளியூரிலிருந்து முதல் தடவையாகப் புருஷனைப் பார்க்க வருகிறவள், பிள்ளையைப் பார்க்க வருகிறவன், இந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்திருப்பார்கள், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். அவர்களை அன்றைக்கு அவள் நினைக்கவே இல்லை. காது இருந்ததே தவிர.

ஆட்டோவில் போகலாம். ஆட்டோக்காரரிடமும் சொல்லத்தான் வேண்டும், ஸ்டாண்டில் நாலு பேர் நடுவில், அதில் ஒருவர் அவள் தெருக்காரர். நிழற்குடையின் பெஞ்சில் ஒரு பெரியவர், மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம், தினசரியை நாலாக மடித்து விசிறிக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. கேட்டவன் வெறுங்கையோடு போகக்கூடாது, எதையாவது சொல்லி அனுப்ப வேண்டும், வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீராவது கொடுக்கிற மாதிரி. இரண்டு கல்லூரிப் பையன்கள் ஒரு பெருமாள் கோயிலைக் கேட்டார்கள். நேராப் போய்ச் சோத்தாங்கைப் பக்கம் திரும்பு என்று துளியும் யோசிக்காமல் அனுப்பினார். இருபது நிமிஷத்தில் அவர்கள் வியர்த்து வழிந்துகொண்டு எதிர்த் திசையிலிருந்து வந்தார்கள். "என்ன பெருசு, அங்க சாக்கடைதான் ஓடுது, பெருமாளக் காணோம்." பெரியவர் அசரவில்லை. "ரோட்டத் தோண்டிப் போட்டுட்டாய்ங்க தம்பி, அதான் உங்களுக்குத் தெரியல. அதே வழிதேன். இன்னொருக்காப் போங்க." பையன்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். வசந்தகோகிலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாயோரம் காய்ந்திருந்த காபிக்கறை, அந்த நிச்சயம், அந்தத் தாராளம். இவர்கள் எல்லாருமே இப்படித்தான், பலகை எழுதினவன், மின்சார எழுத்தை ஓடவிட்டவன், எல்லாருக்கும் பதில் தயாராக இருக்கிறது, கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டுமென்று யாருக்கும் கட்டாயம் இல்லை. வக்கீல் தங்கமாரியிடமும் பதில் தயாராக இருந்தது. இரண்டு பக்கம் டைப் அடித்து வைத்திருந்தார். மருமகள் அபிநயா குளியலறையில் வழுக்கி விழுந்ததை மாமியாராகிய நான் நேரில் பார்த்தேன், என் மகன் அப்போது வீட்டில் இல்லை. திங்கட்கிழமை காலை கோர்ட்டு வாசலில் அவள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவன் வெளியே வருவான். முகிலனை ஒரு தடவை நேரில் பார்த்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, நீ அடித்தாயா என்று அவனிடம் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். அதற்காகத்தான் போகிறாள். அதை இன்றைக்குக் கேட்காவிட்டால் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். தன்னை அவளுக்கு அவ்வளவு தூரம் தெரியும்.

பதினொன்று இருபத்தைந்துக்கு அடுத்த பதினேழு வந்தபோது தெருக்கோடியில் ஜாக்கெட் தைக்கிற மல்லிகா பக்கத்தில் நின்றிருந்தாள். எங்கிருந்துதான் வந்தாளோ. "மேடம், என்ன இங்கன நிக்கிறீங்க வேகாத வெயில்ல?" பேங்க்குக்கு. "பேங்க்கு நம்ம தெருவுக்குப் பின்னாடில்ல இருக்கு?" இது வேற பிராஞ்ச். "தம்பி வந்துருச்சா பெங்களூர்லருந்து?" இன்னும் இல்லை. மல்லிகாவின் கண் அவள் கையிலிருந்த பையில் போய் நின்றது. கல்லூரிப் பொன்விழாத் துணிப்பைக்குள் செய்தித்தாள் சுற்றி, அதற்குள் வக்கீல் சொன்ன கண்ணாடிக் கவர், அதற்குள் பழம், பிஸ்கட். தெரிய வேண்டிய எதையும் தெரியாமல் சுற்றுவதில் வசந்தகோகிலம் கெட்டிக்காரி. பஸ் வந்துவிட்டது. ஜெயிலு ஜெயிலு ஜெயிலேய். மல்லிகா படியில் கால் வைத்துத் திரும்பி, இது ஜெயில் வண்டி மேடம், பெரியாஸ்பத்திரி வழியாப் போகும், எனக்கு மாத்திரை வாங்கணும், உங்களுக்கு இது இல்லேல்ல என்றாள். இல்லை என்றாள் வசந்தகோகிலம். இது இல்லை. மல்லிகா ஜன்னலிலிருந்து கையசைத்தாள், இவளும் அசைத்தாள், பஸ் போனபிறகும் கை மேலேயே இருந்தது, பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அடுத்தது பன்னிரண்டுக்கு. அதுவும் போனால் இன்றைக்கு இல்லை. நல்லதாய்ப் போயிற்று, பஸ் வரவில்லை, பலகை சரியில்லை, இந்த ஊர் லட்சணம் இது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். யாரிடம் சொல்வாள், வீட்டில் யாரும் இல்லை, இருந்தாலும் சொல்லிக்கொள்ளலாம். அந்த எண்ணத்தின் இதத்தை அவள் உணர்ந்தாள், செருப்பில்லாத காலுக்கடியில் ஈரமாக எதுவோ மிதிபட்டது போல.

"பெரியம்மா, ஜெயிலுக்கு இங்கன வண்டி நிக்குமா?" கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்கிற குரல். இருபத்தைந்து இருபத்தாறு வயசுப் பெண், இடுப்பில் மொட்டையடித்த குழந்தை, மொட்டையில் சந்தனம் வெடித்திருந்தது. கையில் கண்ணாடிக் கவர், அதில் பிரெட், பிஸ்கட், நாலு பழம், ஒரு கைலி, எல்லாம் ஊருக்கே தெரிகிற மாதிரி. "காலைலருந்து கேக்குறேன், ஒருத்தரு அங்கங்காரு, ஒருத்தரு இங்கங்காரு. பன்னெண்டரைக்கு மூடிருவாய்ங்க பெரியம்மா. போன வாரமும் வந்துட்டுப் பாக்காமத் திரும்புனேன்." சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு அவள் யாரிடம் கேட்கிறாள் என்று வசந்தகோகிலத்தையும் பார்த்தார்கள். ஒரு தகவல், இரண்டே சொல், இங்கேதான் நிற்கும். அதைச் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று அந்தக் கண்கள் கேட்கும். அவள் துணிப்பையை முழங்காலுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். தெரியலையேம்மா, போர்டுல பாரு என்றாள். "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். பாத்துச் சொல்லுங்க, படிச்சவுக மாதிரி இருக்கீங்க." வசந்தகோகிலம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையை நிமிர்ந்து பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை படித்தாள், ஒரு வரி விடாமல் படிக்கிற பாவனையில். செத்தவரின் ஒற்றைக் கண் அவளையே பார்த்தது. இதுல ஜெயில்னு ஒண்ணும் போடலைம்மா என்றாள். பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. விசிறிக்கொண்டிருந்த பெரியவர் குறுக்கே வந்தார். "எதுத்தாப்ல போ தாயி. அங்கிட்டுத்தேன் நிக்கும். இது ஊருக்குள்ள போற வண்டி." சரிங்கய்யா என்று அந்தப் பெண் குழந்தையை ஒரு எக்கு எக்கித் தூக்கிக்கொண்டு, ஆட்டோக்களுக்கும் மோட்டார் பைக்குகளுக்கும் கையைக் காட்டிக் காட்டி, சாலையைக் கடந்து போனாள். எதிர்ப்பக்கத்தில் கரும்பு ஜூஸ் வண்டியின் குடைநிழலில் ஒண்டிக்கொண்டு, தப்பான திசையைப் பார்த்து நின்றாள்.

இப்போது வந்தது அருவருப்பு, சுண்ணாம்பின் மேல் வந்தது மாதிரி இல்லை, உடம்புக்குள்ளிருந்து. எவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். இந்த வாய்க்கு இது புதுசு இல்லை. நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு காலை, அபிநயா அடுப்படியில் மறுபக்கம் திரும்பி நின்று காபி கலந்தாள், திரும்பியபோது இடது தாடை வீங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே நாவல்பழச் சாயம். முந்தைய நாள் ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது, ஒரு குரல் பாதியில் நின்றது, பிறகு குழாயை வெகுநேரம் திறந்துவிட்டிருந்தார்கள். வசந்தகோகிலம் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். எங்கேயாவது இடிச்சுக்கிட்டியாம்மா என்று கேட்டாள் அடுப்படியில். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து, கரண்டியால் ஊட்டுகிற மாதிரி, அந்தப் பெண்ணின் வாய்க்கு நேரே நீட்டினாள். அபிநயா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது, ஜெயிலுக்கு இங்கன வண்டி நிக்குமா என்று கேட்ட மாதிரிதான், வெறும் விவரம், உங்களுக்குத் தெரியுமா தெரியாதா. பிறகு ஆமாம் அத்தை, கதவுல என்றாள். மஞ்சள் பத்துப் போடு என்று சொல்லிவிட்டு அவள் காபியைக் குடித்தாள். குடித்தாளே. சூடு சரியாக இருந்தது, சர்க்கரை சரியாக இருந்தது, ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று தரம் வீங்கியது. மூன்று தரமும் அவள் கேட்கவில்லை, பத்துப் போடு என்று மட்டும் சொன்னாள். அடுத்த தரம் தாடை எலும்பு உடைந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டின வாயோடு அபிநயா சிலேட்டில் எழுதிக் காட்டினாளாம், இவள் போய்ப் பார்க்கவில்லை, அங்கே போவதற்கும் இதே பதினேழுதான்.

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது மண்டபத்து வளைவில் பதினேழு திரும்பியது. அதிசயமாக நிறுத்தத்திலேயே நின்றது, முன்னால் ஒரு மாடு படுத்திருந்ததால். ஜெயிலு, பெரியாஸ்பத்திரி, ஜெயிலு என்று இந்தக் கண்டக்டர் சோம்பலாகச் சொன்னார், சின்ன வயசு, தொண்டை கட்டியிருந்தது. வசந்தகோகிலம் படியில் வலதுகாலை வைத்துவிட்டாள். கால் தானாகத்தான் போயிற்று. வைத்ததும் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் தப்பான திசையையே பார்த்துக்கொண்டு குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா!" என்று கூப்பிட்டாள். ஊரில் எல்லாரும் ஏம்மாதான், யாரும் திரும்பவில்லை, திரும்பிய ஒருத்தி வேறு யாரோ. பேர் தெரியாது. பச்சைச் சேலை என்று கூப்பிடலாமா, மொட்டைக் குழந்தை என்று கூப்பிடலாமா, ஹாரன்களுக்கு மேலே அதெல்லாம் போய்ச் சேராது. ஏறும்மா, மாடு எந்திரிச்சிருச்சு என்றார் கண்டக்டர். மாடு எழுந்து முதுகைச் சிலிர்த்துக்கொண்டது. அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்க வைக்கிற சொல் இந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது வசந்தகோகிலத்தின் வாய்க்குள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது, பதினோரு நாளாக அங்கேயேதான் இருந்தது, கோழையைப் போல.

"ஜெயிலு!" என்று கத்தினாள். குரல் பிசிறி எங்கேயோ போயிற்று. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் படியில் ஒரு கால் தரையில், மறுபடியும். "ஜெயிலுக்குப் போற பிள்ளை! இந்தப் பக்கம்! ஜெயிலு, இங்கதான் ஜெயிலு!" ஆட்டோ ஸ்டாண்டில் நாலு தலையும் திரும்பின. அதில் தெருக்காரர் தலையும் இருந்தது, அவர் வாயில் பாதி வடையோடு பார்த்தார். பெரியவர் விசிறுவதை நிறுத்தினார். "என்னாம்மா, என் வேலைய நீங்க பாக்குறீங்க? கால எடுங்க, வண்டி போகணும்" என்றார் கண்டக்டர். போகாது என்றாள். "போகாதுன்னா?" "அந்தப் பிள்ளை வர்ற வரைக்கும் போகாது. நீங்க கத்துனது அங்க கேக்கலை." பின்னாலிருந்து ஒரு ஆள், யோவ், ஆயா சொல்றது நியாயம்தான்யா, உனக்குத் தொண்டையே இல்ல என்றான். சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள், கவர் ஆட, குழந்தை ஆட, பைக்கில் வந்த ஒருவன் பிரேக் போட்டுத் திட்ட, அவள் அவனைத் திருப்பித் திட்டிக்கொண்டே வந்தாள். வசந்தகோகிலம் கையை நீட்டிக் குழந்தையை வாங்கி உள்ளே விட்டாள், பிறகு அவளை இழுத்தாள், பிறகு தானும் ஏறினாள். விசில் கேட்டது.

மூன்று பேர் சீட்டில் இடம் இருந்தது. அந்தப் பெண் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, முத்துப்பேச்சி எம்பேரு என்றாள், பிறகு, "இங்கன நிக்காதுன்னுல்ல சொன்னீங்க பெரியம்மா?" என்றாள். கோபமில்லை, விவரம்தான் கேட்டாள். போர்டுல இல்லைன்னு சொன்னேன். எனக்குத் தெரியும், சொல்லலை. முத்துப்பேச்சி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்களும் மனுவுக்கா?" ஆமா, என் மகன் இருக்கான். "எங்க வீட்டுக்காரரு மணல் லாரி ஓட்டிப் பிடிபட்டாரு, ஓனரு தப்பிச்சுக்கிட்டான். உங்க மகனுக்கு என்னா கேசு?" பதினோரு நாளாக வக்கீலும் அவளும் அதற்கு வைத்திருந்த பெயர்கள் எல்லாம், குடும்பத் தகராறு, தவறான புரிதல், பொய்ப் புகார், ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "பெண்டாட்டியை அடிச்சான்," என்றாள். சொல்லி முடித்தபின்தான் தனக்கே கேட்டது. அடிச்சதாச் சொல்றாங்க என்றுகூட இல்லை. அவனிடம் கேட்பதற்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த கேள்வி முடிந்துபோயிற்று, இந்த பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒருத்தியிடம். "தாடை உடைஞ்சிருச்சு. நாலு மாசமா அடிச்சிருக்கான். எனக்குத் தெரியும்."

முத்துப்பேச்சி குழந்தையை இந்த மடியிலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றி, ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு சாண் ரெக்சின் சீட்டு, கிழிந்து, பஞ்சு கருத்து எட்டிப் பார்த்தது. தள்ளி உட்கார்ந்தது சரிதான் என்று வசந்தகோகிலம் நினைத்தாள். பெரியாஸ்பத்திரி நிறுத்தம் வந்து போயிற்று, அதன் மஞ்சள் கட்டிடத்தை முழுக்கப் பார்த்தாள், அபிநயா இருப்பதாகச் சொன்ன மூன்றாவது மாடி ஜன்னல்களை எண்ணினாள். "அப்பறம் எதுக்குப் போறீங்க?" என்றாள் முத்துப்பேச்சி கடைசியில், ஜன்னலைப் பார்த்தபடியே. "அடிச்சவனப் பாக்கவா இந்த வெயில்ல?"

"அடிக்கலைன்னு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட மாட்டேன்னு அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்."

"என்னா கையெழுத்து?"

வசந்தகோகிலம் முதலிலிருந்து சொன்னாள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.